பட்டினி வேறு, நோன்பு வேறு

ஷவ்வால் மாதத்தின் ஆறு நோன்புகளும் நிறைவேறியபின், அடுத்த ரமலான் பிறை பிறக்கும்வரை நோன்பைப் பற்றிய எண்ணமே இல்லாதிருப்பது நம் இல்லங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. அவ்வாறிருக்க, அண்மைக் காலமாக நம் பிள்ளைகளில் சிலர் காலைப் பசியாறலை ஒதுக்கிவிட்டு, நண்பகல்வரை வெறும் தண்ணீருடன் இருக்கக் காண்கிறோம். காரணம் வினவினால், ‘இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்’ இருக்கிறோம் என்கின்றனர். ஒரு நாளின் 24 மணி நேரத்தில் 16 மணி நேரம் உண்ணாதிருந்து, எஞ்சிய 8 மணி நேரத்துக்குள் உணவை முடித்துக்கொள்வது அதன் ஒரு வகை. வாரத்தில் 5 நாட்கள் வழக்கம்போல் உண்டு, 2 நாட்கள் மட்டும் மிகக் குறைவாக உண்பது மற்றொரு வகை. தமிழில் இதனை இடைவெளிப் பட்டினி எனலாம்.

இதனைக் காணும் பெற்றோரின் உள்ளத்தில் மூன்று வினாக்கள் எழுகின்றன. இது நோன்பாகுமா? நோன்பு நோற்கும்போது உடல் நலத்தையும் நாடினால் அதன் கூலி கெட்டுவிடுமா? இதுவரை பழக்கமில்லாத ஒருவர் எவ்வாறு தொடங்குவது? இம்மூன்றையும் மார்க்கத்தின் ஒளியில் சிறிது சிந்திப்போம்.

இரவிலும் ஓயாத வயிறு

மதுரையைத் தூங்கா நகரம் என்பர். நள்ளிரவிலும் இங்கே கல்லில் பரோட்டா வெந்துகொண்டிருக்கும். கறிதோசையை உண்டு, ஜிகர்தண்டாவையும் பருகிவிட்டு உடனே படுக்கைக்குச் செல்வோர் எத்தனை பேர்! காலை விடிந்ததும் தேநீர், பின்னர் பசியாறல், பதினொரு மணிக்கு வடை, மாலையில் சமோசா என்று வயிற்றுக்கு ஓய்வே அளிக்காத வாழ்வு நம்முடையதாகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடைபெற்று 2023-ல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. ஆகவே, நேரம் வகுத்து உண்ண வேண்டும் என்று இளைஞர்கள் எண்ணுவதை நாம் எள்ளி நகையாடலாகாது. உணவை விலக்கி இருத்தல் இம்மண்ணுக்குப் புதியதுமன்று. ஏகாதசியன்றும் சஷ்டியன்றும் ஒரு பொழுது இருக்கும் அண்டை வீட்டாரை நாம் காலங்காலமாகக் கண்டு வருகிறோம்.

எனினும், இதன் பலனைப் பற்றிப் பேசும்போது நாம் உண்மையின் எல்லையில் நிற்க வேண்டும். ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நோன்பின் சிறப்பைக் கண்டறிந்தமைக்காகவே அப்பரிசு கிடைத்தது என்று நம் மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. அது சரியன்று. உயிரணுக்கள் தம்முள் சேரும் பழுதான பொருள்களைத் தாமே சிதைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்ளும் முறையை ஈஸ்ட் எனும் நுண்ணுயிரில் ஆராய்ந்தமைக்காகவே அவருக்கு அப்பரிசு வழங்கப்பட்டது. உணவு குன்றும்போது அவ்வியக்கம் மிகுவதை அவர் கண்டார் என்பது மெய். ஆனால், ரமலான் நோன்பையோ மனிதர்களின் பட்டினியையோ அவர் ஆராயவில்லை.

சீனாவில் உடல் பருத்த 139 பேரிடம் ஓராண்டுக் காலம் நடத்தப்பட்டு 2022-ல் வெளியான ஓர் ஆய்வையும் இங்கே குறிப்பிட வேண்டும். உணவின் அளவைக் குறைத்தவர்களும், அதே அளவு குறைத்ததோடு 8 மணி நேரத்துக்குள் உண்டவர்களும் எடை குறைந்தனர்; ஆனால் இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நேரத்தை மட்டும் சுருக்கிவிட்டு, அந்த நேரத்துக்குள் வரம்பின்றி உண்பவருக்கு இதில் பாடமுண்டு. இப்பாடம் நமக்குப் புதிதா? பகல் முழுதும் இழந்ததையெல்லாம் இப்தாரின்போது ஒரே அமர்வில் ஈடுசெய்துவிட்டால் நோன்பினால் விளையும் பயன்தான் என்ன என்ற கருத்தில், ஹிஜ்ரி 505-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அன்றே கண்டித்திருக்கிறார்கள். நம் நோன்புக் கஞ்சி எளிய உணவுதான். அதைச் சுற்றி நாம் பரப்பி வைக்கும் பொரித்த பண்டங்களே எண்ணிப் பார்க்க வேண்டியவை.

எது பிரிக்கிறது?

மதுரையில் ஸுப்ஹு நேரத்திலிருந்து மஃரிப்வரை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 13 முதல் 14 மணி நேரமே ஆகிறது. லண்டன் போன்ற வடபுல நகரங்களில் ஜூன் மாதத்தில் இது 18 மணி நேரத்தையும் கடந்துவிடும். ஆகவே, 16 மணி நேரம் உணவின்றி இருக்கப் பழகிய இளைஞருக்கு நம் ஊரின் நோன்பு நேரம் நீண்டதன்று. அப்படியாயின் அவர் நோன்பாளியா? அல்லர். அவர் இடையில் தண்ணீர் பருகுகிறார்; நோன்பிலோ ஒரு மிடறு நீருக்கும் இடமில்லை. அவர் தமக்கு வசதியான நேரத்தைத் தேர்ந்துகொள்கிறார். நோன்பாளியின் நேரத்தைக் கீழ்வானும் மேல்வானும் வரையறுக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, அவரிடம் நிய்யத் இல்லை. நோன்பின் நோக்கம் இறையச்சம் என்றே திருமறை கற்பிக்கிறது. ஒரே பசிதான்; நிய்யத் இருந்தால் இபாதத், இல்லையேல் வெறும் பட்டினி.

இனி, இரண்டாம் வினா. அல்லாஹ்வுக்காக நோன்பு நோற்கும் ஒருவர், இதனால் என் உடலும் சீராகட்டும் என்று எண்ணலாமா? இமாம் ஸுயூத்தி (ரஹ்), இமாம் இப்னு நுஜைம் (ரஹ்) ஆகிய சட்ட மேதைகள் இதே வினாவை எடுத்து ஆய்ந்துள்ளனர். நோன்புடன் உணவுக் கட்டுப்பாட்டையோ மருத்துவத்தையோ சேர்த்து எண்ணியவரின் நோன்பு செல்லும் என்பதே அவர்கள் சரிகண்ட முடிவு. ஏனெனில், ஒருவர் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் அப்பலன் நோன்பில் தானே விளைந்துவிடுகிறது. நோன்பு கூடுவது ஒன்று. கூலி கிடைப்பது மற்றொன்று. உள்ளத்தில் எந்த நோக்கம் மிகுந்திருக்கிறதோ அதற்கேற்பவே கூலி என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் விளக்கம். எடைக் கருவி என்ன காட்டுகிறது என்பதே முதல் நோக்கமாகி, அல்லாஹ்வின் பொருத்தம் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டால், இழப்பு யாருக்கு?

நாயகம் (ஸல்) காட்டிய படிகள்

வாரத்தில் இரண்டு நாட்கள் என்பதை உலகம் இன்று புதுமையாகப் பேசுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திங்களும் வியாழனும் நோன்பு நோற்று வந்தார்கள். அவ்விரு நாட்களிலும் அடியார்களின் செயல்கள் இறைவனிடம் எடுத்துக்காட்டப்படுகின்றன என்றும், தாம் பிறந்தது ஒரு திங்களன்று என்றும் அதற்குக் காரணம் அருளினார்கள். பிறை 13, 14, 15 ஆகிய மூன்று நாட்களின் நோன்பும் சுன்னத்தாகும்.

முதன்முறையாகத் தொடங்குவோர்க்கு அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வரலாற்றைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. இளமைத் துடிப்பில் அவர்கள் நாள்தோறும் நோன்பு நோற்க முனைந்தார்கள். செய்தியறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் விருந்தினருக்கும் உரிமைகள் உண்டென நினைவூட்டி, மாதத்திற்கு மூன்று நோன்பு போதும் என்றார்கள். தமக்கு இன்னும் வலிமையுண்டு என்று அவர்கள் மேலும் மேலும் கேட்கவே, ஒரு நாள் நோற்று ஒரு நாள் விடும் தாவூத் நபி (அலை) அவர்களின் நோன்பை அனுமதித்து, அதற்குமேல் சிறந்தது இல்லை என்று முடித்தார்கள். ஆண்டுகள் சென்றன. முதுமை வந்தது, உடல் தளர்ந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் அளித்த சலுகையை ஏற்றிருக்கலாகாதா என்று அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஏங்கினார்கள். ஏற்றுக்கொண்ட அமலைக் கைவிடவும் அவர்களுக்கு மனமில்லை.

எவ்வளவு பெரிய படிப்பினை! வலிமை இருக்கும்போது நாம் நமக்கு விதித்துக்கொள்ளும் அளவு, வலிமை குன்றும்போதும் நிலைக்கத்தக்கதாக இருக்க வேண்டும். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்பது அண்ணலாரின் போதனை.

தொடங்கும் முறை

ஆகவே, புதிதாகத் தொடங்குவோர் மாதத்தில் ஒரு திங்கள் அல்லது ஒரு வியாழன் என ஆரம்பிக்கட்டும். பங்குனி, சித்திரையில் மதுரையின் வெயில் 40 டிகிரியைத் தொடும். வயலிலும் செங்கற்சூளையிலும் உழைப்போர் அந்நாட்களில் புதுப்பழக்கம் தொடங்குவது அறிவுடைமையன்று. மார்கழி, தைத் திங்களின் குளிர்ந்த நாட்கள் அதற்கு ஏற்றவை. ஸஹரை விட்டுவிட வேண்டாம். அதில் பரக்கத் உண்டு. அதனைப் பிற்படுத்துவதும், மஃரிப் வந்ததும் தாமதியாமல் நோன்பு திறப்பதும் சுன்னத்து. இரவும் பகலும் இடைவிடாது தொடரும் விஸால் நோன்பு நமக்குத் தடுக்கப்பட்டுள்ளது. இரண்டு நாள், மூன்று நாள் தொடர்ந்து பட்டினி கிடப்பதைச் சாதனையாகக் கருதுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

நஃபில் நோன்பின் நிய்யத்தைக் காலையிலும் வைக்கலாம். வீட்டில் உண்ண ஏதும் இல்லையென அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், அப்படியானால் இன்று தாம் நோன்பாளி என்று கூறியது அறிவிக்கப்பட்டுள்ளது. ஆனால், ஸுப்ஹிலிருந்து ஒரு துளி நீரும் அருந்தாதிருந்தால் மட்டுமே அது கூடும். நண்பகலுக்கு முன்பே நிய்யத் அமைய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அதற்கும் சற்று முன்னதாக. தண்ணீர் பருகிவிட்ட இளைஞர், நடுப்பகலில் மனம் மாறித் தம் பட்டினியை நோன்பாக்க முடியாது. தனியே வெள்ளிக்கிழமை மட்டும் நோற்பது மக்ரூஹ். இரு பெருநாட்களிலும், துல்ஹஜ் 11, 12, 13 நாட்களிலும் நோன்பு கூடாது.

ரமலானில் களாவான நோன்புகள் உள்ள நம் தாய்மார்களும் சகோதரிகளும் முதலில் அவற்றை நிறைவேற்றட்டும். களாவுக்கு இரவிலேயே நிய்யத் வைப்பது கடமை. நஃபில் நோன்பை இடையில் முறித்தால் ஹனஃபி மத்ஹபில் அதனைக் களாச் செய்வது வாஜிப். ஷாஃபிஈ மத்ஹபில் அது கட்டாயமன்று.

நோயாளிகளே, கவனியுங்கள்

நீரிழிவுக்கு மாத்திரை உண்போரும் இன்சுலின் செலுத்திக்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் நோன்போ இடைவெளிப் பட்டினியோ தொடங்கலாகாது. இது அச்சுறுத்தலுக்காகச் சொல்வதன்று. 13 நாடுகளில் 12,243 நீரிழிவு முஸ்லிம்களிடம் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் சேர்க்க நேரும் அளவுக்குக் கடுமையான சர்க்கரைத் தாழ்வு, இரண்டாம் வகை நோயாளிகளுக்கு ரமலானில் மற்றக் காலத்தைவிட ஏழரை மடங்கு மிகுந்திருந்தது. கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் மயக்கமும் தோன்றினாலும், இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும், 300-க்கு மேல் ஏறினாலும் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் ஆகியோரும் எடைக் குறைப்புக்கெனப் பட்டினி இருக்கலாகாது.

கடமையான ரமலான் நோன்பிலேயே நோயாளிக்கும் பயணிக்கும் திருமறை சலுகை அளித்திருக்கிறது. இறைவன் நமக்கு நாடுவது இலகுவையேயன்றிச் சிரமத்தையன்று. கடமையிலேயே இச்சலுகை என்றால், நஃபிலில் உயிரைப் பணயம் வைப்பது எவ்வாறு பக்தியாகும்? தோழர் அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, தோழர் ஸல்மான் (ரலி) அவர்கள் அவர்களை உண்ணவும் உறங்கவும் செய்தார்கள். ஒவ்வோர் உரிமையாளருக்கும் அவரவர் உரிமையை வழங்குமாறு கூறிய ஸல்மான் (ரலி) அவர்களின் சொல்லை நாயகம் (ஸல்) அவர்களும் உண்மைப்படுத்தினார்கள்.

பெற்றோர்களே! உடல் நலத்துக்காகப் பசித்திருக்கத் துணிந்த பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். பாதி வழியை அவன் நடந்து வந்துவிட்டான். வரும் திங்களன்று அவனை ஸஹருக்கு எழுப்பி, அவனுடன் அமர்ந்து உண்டு, நிய்யத்தைச் சொல்லிக் கொடுங்கள். மாலையில் ஒரு பேரீத்தம்பழமும் ஒரு கோப்பைக் கஞ்சியும் அவனுக்கு முன்னே வையுங்கள். நம் பசியை இபாதத்தாகவும், நம் உடலை அமானிதமாகவும் பேணி நடக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் அருள்வானாக! ஆமீன்.