பாயசம் குடித்தால் மயக்கமா?

மாணவர்களே, ஆரணியில் பட்டுத் தறி ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நாடாவிலுள்ள தாரிலிருந்து ஊடை நூல் அளவாகவே அவிழ்கிறது. மொத்தமாகச் சரிந்தால் சிக்கல்தான். நம் இரைப்பையும் உணவைக் கூழாக்கிச் சிறுகச் சிறுகவே குடலுக்கு அனுப்புகிறது. அளந்து விடுவது அதன் முடிவிலுள்ள வளையத் தசை.

மிகுந்த உடற்பருமனுக்குச் செய்யப்படும் இரைப்பை மாற்றுவழி அறுவையை 1966-இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கி வைத்தார். இன்றைய முறையில், இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை அமைத்து, அதைச் சிறுகுடலுடன் நேரே இணைப்பர். உணவின் வழியில் வளையத் தசை இராது.

இவர் பாயசம் குடித்தால்? உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர் விடுகிறதல்லவா? அதே சவ்வூடு பரவல்தான்! குடலில் திடீரெனச் சேர்ந்த சர்க்கரை, இரத்தத்திலிருந்து நீரை இழுக்கிறது. 10 முதல் 30 நிமிடங்களில் வயிற்றுவலி, பேதி, படபடப்பு, தலைசுற்றல் தோன்றும். 1 முதல் 3 மணி நேரம் கழித்து, மிகுதியாகச் சுரந்த இன்சுலினால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் வரலாம்.

காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். சிறு சிறு வேளைகளாக, நன்கு மென்று உண்ண வேண்டும். பருப்பு, முட்டை முதலியவற்றுக்கு முதலிடம். இனிப்பைத் தவிர்க்க வேண்டும். சாப்பாட்டுடன் அன்றி அரைமணி கழித்தே நீர் அருந்த வேண்டும். தொல்லை நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டு விருந்தில் அவர் இலையை மூடினால், "இன்னும் ஒரு கரண்டி" என்று வற்புறுத்தாதீர்கள். அவர் மறுப்பது உங்கள் அன்பையன்று.