ரொனால்டோ போன பிறகு கோல் அடிப்பது யார்?

இங்கிலிஷ் பிரிமியர் லீக் ஆகஸ்டில் தொடங்குவதற்கு முன், ஜூலை மாதம் முழுவதும் காற்பந்து ரசிகர்கள் கணக்கப்பிள்ளைகளாக மாறிவிடுகிறார்கள். போகிறவர் யார், வருகிறவர் யார், தாக்குதல் வரிசையில் மிச்சம் யார், அவர்கள் எத்தனை கோல் அடிப்பார்கள் என்று மாமாக் கடை மேசையில் கூட்டிக் கழித்துப் பார்க்காத ரசிகர் மலேசியாவில் குறைவு. தே தாரிக் ஆறிப்போகும், கணக்கு முடியாது. இந்தக் கணக்கு எந்த அளவுக்குப் பலிக்கும் என்று அறிய 2009ஆம் ஆண்டின் மென்செஸ்டர் யுனைடெட்டைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. அந்தக் குழுவின் தாக்குதல் வரிசையைப் பற்றி ரசிகர்கள் அன்று பயந்ததில் பாதி நடக்கவே இல்லை. மறு பாதி நடந்தது. கையில் இருந்த பட்டம் அதனால்தான் போனது.

முதலில் அன்றைய நிலவரம். 2008-09 பருவத்தில் யுனைடெட் 90 புள்ளிகளுடன் தொடர்ந்து மூன்றாவது முறையாக லீக் பட்டத்தை வென்றது. அது அக்குழுவின் 18ஆவது பட்டம். பரம எதிரியான லிவர்பூலும் அதே 18இல்தான் நின்றது. இன்னும் ஒன்று வென்றால் யுனைடெட் தனித்து முன்னே போய்விடும். தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்ற குழு என்று அதுவரை இங்கிலாந்தில் ஒன்றுகூட இல்லை. (அதைப் பிறகு 2024இல் செய்து காட்டியது பக்கத்து வீட்டுக்காரரான மென்செஸ்டர் சிட்டி என்பது யுனைடெட் ரசிகர்களுக்கு வேறு வேதனை.) ஆகவே 2009-10 பருவம் வழக்கமான ஒன்றாக இருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டில் ஆள் குறைந்தது. 2009 மே 27ஆம் தேதி ரோமில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பார்சிலோனாவிடம் 2-0 எனத் தோற்றது யுனைடெட். இரண்டே வாரத்தில் கிறிஸ்தியானோ ரொனால்டோவை 80 மில்லியன் பவுண்டுக்கு ரியல் மட்ரிட்டிடம் கொடுக்கச் சம்மதித்தது. அன்றைய உலகச் சாதனை விலை அது. கார்லோஸ் தெவெஸும் விலகினார். விலகியவர் தூரதேசம் போயிருந்தால் மனம் ஆறியிருக்கும். அவர் ஜூலையில் நேராக சிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார். நகரின் நடுவில் அவர் படத்துடன் வரவேற்பு விளம்பரப் பலகை வைத்தார்கள்.

ரசிகர்களின் கழித்தல் கணக்கு இப்படி ஓடியது. 2008-09 லீக் ஆட்டங்களில் யுனைடெட் அடித்தவை 68 கோல்கள். அதில் ரொனால்டோ 18, தெவெஸ் 5, ஆக 23 போய்விட்டன. மூன்றில் ஒரு பங்கு! எல்லாப் போட்டிகளையும் சேர்த்துப் பார்த்தால் இருவரும் அடித்தவை 41. மிச்சம் இருந்தவர்களில் வெய்ன் ரூனி லீக்கில் 12, டிமித்தார் பெர்படோவ் 9. பெர்படோவை முந்திய ஆண்டுதான் 30 மில்லியன் பவுண்டுக்கும் மேல் கொடுத்து வாங்கியிருந்தார்கள்.

வந்தவர்கள் யார்? மைக்கல் ஓவனுக்கு 29 வயது. லீக்கிலிருந்து கீழே இறங்கிவிட்ட நியூகாசலிலிருந்து இலவசமாக வந்தார். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றவர்தான். ஆனால் அதற்குப் பிறகு அவரைத் திடலில் பார்த்ததைவிட மருத்துவர் அறையில் பார்த்ததே அதிகம் என்று சொல்லும்படி காயங்கள். போதாக்குறைக்கு, லிவர்பூலில் வளர்ந்தவர். அவருக்கு ரொனால்டோ அணிந்த 7ஆம் எண் சட்டையைக் கொடுத்தபோது ரசிகர்கள் தலையில் கை வைத்தார்கள். விகனிலிருந்து வந்த அந்தோனியோ வெலன்சியா பக்கவாட்டில் ஓடி ஆடுபவர். அதிகம் கோல் அடித்தவர் அல்லர். பிரான்சிலிருந்து வந்த கப்ரியேல் ஒபெர்தானுக்கு வயது 20. பலர் அவர் பெயரையே அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். அத்துடன் வாங்கல் முடிந்தது என்று நிர்வாகி அலெக்ஸ் பெர்குசன் அறிவித்துவிட்டார்.

80 மில்லியன் எங்கே போனது என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது. அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் 2005இல் பெருங்கடன் வைத்து இந்தக் குழுவை வாங்கியிருந்தது. ரொனால்டோவை விற்ற பணம் கடனுக்குப் போகிறதா, ஆளுக்குப் போகிறதா என்ற சந்தேகம் வளர்ந்து, 2010 தொடக்கத்தில் அரங்கம் முழுவதும் பச்சையும் பொன்னிறமும் கலந்த கழுத்துத் துண்டுகளாக வெளிப்பட்டது. தாக்குதல் வரிசைக் கணக்குக்குப் பின்னால் இந்தக் கோபமும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

மலேசிய ரசிகர்களுக்கு அந்த வரிசையை நேரில் எடைபோடும் வாய்ப்பும் கிடைத்தது. 2009 ஜூலை 18ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியத் தேர்வுக் குழுவுடன் யுனைடெட் மோதியது. ரூனி, நானி இருவரும் கோல் போட, மலேசியாவின் அம்ரி யஹ்யா இரண்டு கோல்களைத் திருப்பிக் கொடுத்தார். 2-2. அரங்கமே அதிர்ந்த நேரத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்த ஓவன், யுனைடெட் சட்டையில் தமது முதல் கோலை அடித்து 3-2 என முடித்து வைத்தார். அதற்கு முந்திய நாள் ஜகார்த்தாவில் ஹோட்டல்களில் குண்டுகள் வெடித்ததால் யுனைடெட்டின் இந்தோனேசியப் பயணம் ரத்தாகி, 20ஆம் தேதி புக்கிட் ஜாலிலிலேயே இரண்டாவது ஆட்டம் நடந்தது. அதிலும் ஓவன் ஒரு கோல். இளைஞர் மச்செடா இன்னொன்று. ‘பரவாயில்லை, ஓவன் இருக்கிறார்’ என்ற நிம்மதியுடன் பலர் வீடு திரும்பினார்கள்.

பருவத்துக்கு முந்திய ஆட்டங்களை வைத்து எடைபோடுவதில் உள்ள சிக்கல் இதுதான். அங்கே எதிரணி பாதி வேகத்தில் ஆடுகிறது, அல்லது தரத்தில் எட்டாத தூரத்தில் இருக்கிறது. கோல் அடித்தவர் யார் என்பது அந்த ஆட்டங்களில் பெரிதாக எதையும் சொல்வதில்லை. யாரை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பது ஓரளவு சொல்லும். ஓவன் லீக்கில் அடித்தது கடைசியில் மூன்றே கோல்கள். (அதில் ஒன்று, செப்டம்பரில் சிட்டிக்கு எதிராக 96ஆவது நிமிடத்தில் அடித்து 4-3 என வெல்ல வைத்தது. அந்த ஒன்றுக்காகவே அவரை மன்னித்தவர்கள் உண்டு.)

கழித்தல் கணக்கு கவனிக்காத பெரிய விஷயம் இடம். ரோம் இறுதியாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நடுவில் முன்னணியில் நின்றவர் ரொனால்டோ. ரூனி எங்கே? இடப்பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தார். தெவெஸும் பெர்படோவும் மாற்று ஆட்டக்காரர்களாக உட்கார்ந்திருந்தார்கள். அது அன்றைக்கு மட்டும் செய்த ஏற்பாடும் அல்ல. ரொனால்டோவுக்கு வழி விடுவதற்காகப் பக்கவாட்டில் ஓடி, பின்னால் வந்து பந்தைப் பறித்து, மற்றவர் வேலையையும் சேர்த்துச் செய்வது ரூனிக்கு வாடிக்கையாகிவிட்டிருந்தது. அப்படிப்பட்டவர் அடித்த 12 கோல்களை வைத்து அவருடைய திறனை அளப்பது, சமையற்காரரைப் பாத்திரம் கழுவ விட்டுவிட்டு அவர் சமையல் எப்படி என்று கேட்பது போன்றது.

இன்னொரு நுணுக்கம் பினால்டி. ரொனால்டோவின் கோல்களில் பினால்டிகளும் இருந்தன. பினால்டி அடிப்பது ஒரு பொறுப்பு. ஆள் போனாலும் பொறுப்பு குழுவிலேயே இருக்கும், வேறொருவர் அடிப்பார். எனவே அந்தக் கோல்களை முழுவதும் போனதாக எழுதுவது தவறு. ஆனால் புதியவர் யார் என்று முடிவு செய்வதற்குள் சறுக்கலாம். அதுவும் நடந்தது.

2009 ஆகஸ்டு 16ஆம் தேதி முதல் ஆட்டத்தில் பெர்மிங்ஹமை 1-0 என யுனைடெட் வென்றது. கோல் ரூனி. மூன்று நாளில், புதிதாக மேலே ஏறிவந்த பர்ன்லியிடம் 0-1 எனத் தோற்றது. கிடைத்த பினால்டியை மைக்கல் கேரிக் அடிக்க, கோல் காவலர் தடுத்துவிட்டார். ‘அன்றே சொன்னோமே’ என்ற குரல்கள் உலகெங்கும் எழுந்தன. அடுத்த மூன்றாம் நாள் விகன் திடலில் 5-0. ரூனி இரண்டு, பெர்படோவ், ஓவன், நானி ஆளுக்கு ஒன்று. சொன்னவர்கள் அடங்கினார்கள். மாத இறுதியில் ஆர்சனலுக்கு எதிராகப் பினால்டி கிடைத்தபோது அடித்தவர் ரூனி.

வெலன்சியா விஷயத்தில்தான் ரசிகர்கள் அதிகம் ஏமாந்தார்கள், நல்லவிதமாக ஏமாந்தார்கள். அவர் எத்தனை கோல் அடிப்பார் என்று பார்த்தார்களே தவிர, எத்தனை கோலுக்குப் பந்து கொடுப்பார் என்று பார்க்கவில்லை. அவருக்கு ரொனால்டோவைப் போல் பந்தை வைத்து வேடிக்கை காட்டத் தெரியாது. வலப்பக்கக் கோட்டை ஒட்டி ஓடுவார், ஆளைத் தாண்டுவார், நடுவே பந்தை உயர்த்தி அனுப்புவார். நடுவில் இப்போது ரூனி நின்றார். தலையால் முட்டிக் கோல் அடிப்பவர் என்று அதுவரை பெயர் எடுக்காத ரூனி, அந்தப் பருவத்தில் தலையாலேயே வரிசையாக அடித்தார். 2010 பிப்ரவரியில் மிலான் நகரில் ஏசி மிலானை 3-2 என வென்ற ஆட்டத்தில் அப்படி இரண்டு. அதே மாதக் கடைசியில் எஸ்டன் வில்லாவுக்கு எதிரான லீக் கிண்ண இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலும் வெலன்சியா அனுப்பிய பந்தில் ரூனி தலையால் முட்டியதே.

பருவம் முடிந்தபோது யுனைடெட் லீக்கில் அடித்திருந்தவை 86 கோல்கள். முந்திய ஆண்டைவிட 18 அதிகம். ரொனால்டோ எல்லாப் போட்டிகளிலும் 42 கோல்கள் அடித்துத் தள்ளிய 2007-08 பருவத்தில்கூட யுனைடெட்டின் லீக் கோல்கள் 80தான்! ரூனி மட்டும் 26. ஆக, ‘கோல் வறட்சி வரும்’ என்ற கணிப்பு முழுத் தவறு.

ஆனால் பட்டியலில் அடுத்த வரிகளைப் படித்தால் முகம் மாறும். ரூனிக்கு அடுத்து பெர்படோவ் 12. அவருக்கும் அடுத்த இடத்தில் நிற்பவை எதிரணி ஆட்டக்காரர்கள் தங்கள் வலைக்குள்ளேயே தவறி அடித்துக்கொண்ட சொந்த கோல்கள். பத்து கோலைத் தாண்டிய யுனைடெட் ஆட்டக்காரர்கள் இருவரே. பட்டத்துக்குப் போட்டியிட்ட செல்சியில் ட்ரோக்பா 29, லம்பார்ட் 22, மலூடா 12, அனெல்கா 11 என நால்வர் இருந்தார்கள். 2010 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கிண்ணத்துக்காக ட்ரோக்பா போயிருந்தபோது, அவர் இல்லாமலேயே சண்டர்லாந்தை 7-2 என அடித்தது செல்சி. ரசிகர்கள் கேட்க வேண்டிய கேள்வி ‘மொத்தம் எத்தனை?’ என்பதைவிட ‘ஒருவர் விழுந்தால் அடுத்தவர் யார்?’ என்பதாக இருந்தது. ஆள் போதாது என்று சில ரசிகர்கள் ஜூலையில் முனகியது அந்தப் பொருளில் சரிதான்.

அந்த ஒருவர் 2010 மார்ச் 30ஆம் தேதி விழுந்தார். மியூனிக்கில் பாயர்னுடன் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். கடைசி நிமிடங்களில் ரூனியின் கணுக்கால் மடங்கியது. அதே நேரத்தில் பாயர்ன் வெற்றிக் கோலை அடித்தது. நான்கு நாள் கழித்து ஓல்டு டிரஃபோர்டில் செல்சி. ரூனி இல்லை. ஓவனோ லீக் கிண்ண இறுதியில் கோல் அடித்துவிட்டு அதே ஆட்டத்தில் தசை கிழிந்து பருவத்தையே இழந்திருந்தார். வெல்பெக்கை ஜனவரியில் பிரெஸ்டனுக்கு இரவல் கொடுத்தாயிற்று. மிச்சம் பெர்படோவும், 18 வயது மச்செடாவும், ஜனவரியில் வந்த டியூஃபும். செல்சி 2-1 என வென்றது. ட்ரோக்பாவின் கோல் ஓஃப்சைட் என்று யுனைடெட் ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள், உண்மைதான். மச்செடாவின் கோல் கையில் பட்டுப் போனது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

பாயர்னுடன் மறு ஆட்டத்தில் முழுமையாகக் குணமாகாத ரூனியை இறக்கினார் பெர்குசன். 3-2 என வென்றும், வெளித்திடல் கோல் விதியால் யுனைடெட் வெளியேறியது. ரூனி பாதியில் நொண்டிக்கொண்டு திடலைவிட்டுப் போனார். ஏப்ரல் 11ஆம் தேதி, மீண்டும் ரூனி இல்லாமல், பிளாக்பர்னுடன் 0-0. அவர் இல்லாத அந்த இரண்டு லீக் ஆட்டங்களில் கிடைக்கக்கூடிய 6 புள்ளிகளில் யுனைடெட் பெற்றது ஒன்று. இறுதி நாளில் ஸ்தோக்கை 4-0 என அடித்தும் பயனில்லை. செல்சி விகனை 8-0 என நொறுக்கியது. செல்சி 86 புள்ளிகள், யுனைடெட் 85.

பாயர்னிடம் வெளியேறிய மறுநாள், மெக்சிகோவின் ஹவியர் ஹெர்னாண்டஸ் அடுத்த பருவத்துக்கு வருகிறார் என்று யுனைடெட் அறிவித்தது. அவர் பெயரையும் அன்று பலர் கேள்விப்பட்டிருக்கவில்லை. 2010-11இல் ரூனி தடுமாறி லீக்கில் 11 கோலோடு நின்றபோது, பெர்படோவ் 20, ஹெர்னாண்டஸ் 13. குழுவின் மொத்தம் 78. முந்திய பருவத்தைவிட 8 குறைவு. 19ஆவது பட்டம் அந்த ஆண்டில்தான் வந்தது.