தோற்கலங்கள் ஏற்றும் விளக்கு

கடந்த நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு, சாச்சியின் மகள் கடையில் வாங்கிய "கறுப்பு மருதாணி"க் கோனால் கையில் கோலம் போட்டாள். அரை மணித்தியாலத்தில் கருகருவென்று பிடித்தது. எல்லோருக்கும் சந்தோசம். சில நாட்களில் அந்தக் கோலத்தின் வழியே கொப்புளங்கள் எழும்பின. மருதாணி இலை தருவது செம்பழுப்பு நிறம்தான். அந்தக் கறுப்பு, தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பரா-பினைலீன்டையமீனின் வேலை என்றார் வைத்தியர்.

ஒரு பொருள் தோலுக்கு ஒவ்வாதது என்பதை யாரோ ஒருவரின் கை கொப்புளித்த பிறகுதான் அறிய வேண்டுமா? அந்தக் கேள்வியோடு தேடியபோது அறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

முன்னர் இதற்குக் கினிப்பன்றிகளின் தோலில் பூசிப் பார்த்தார்கள். இன்று மனிதத் தோற்கலங்களையே உணரிகளாக்கியிருக்கிறார்கள். அதில் மின்மினிப் பூச்சிக்கும் பங்குண்டு. ஒவ்வாமை தரும் பொருட்கள் பெரும்பாலும் புரதங்களோடு ஒட்டிக்கொள்பவை. கலத்துக்குள் கீப்1 என்றொரு புரதம் காவலாளிபோல் இருக்கிறது. அதில் அந்நியப் பொருள் ஒட்டியதும், அது பிடித்து வைத்திருந்த இன்னொரு புரதம் விடுபட்டுக் கருவுக்குள் போய்ப் பாதுகாப்புப் பரம்பரையலகுகளைத் தூண்டும். அதே தூண்டலுக்கு இயங்கும்படி, மின்மினியின் ஒளி நொதியமான லூசிபரேசுக்குரிய பரம்பரையலகையும் விஞ்ஞானிகள் பொருத்திவிட்டார்கள். கலம் கலவரப்பட்டால் வெளிச்சம் வரும்!

கெரட்டினோசென்ஸ் எனப்படும் இச்சோதனையில், 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் கலங்களை வளர்த்து, பொருளை 12 செறிவுகளில் இட்டு 48 மணித்தியாலம் விடுகிறார்கள். பின்னர் லூசிபெரினைச் சேர்த்து ஒளியை அளக்கிறார்கள். பொருள் இடாத கலங்களைவிட ஒளி ஒன்றரை மடங்காகவோ அதற்கு மேலோ ஏறினால் சந்தேகம்தான். ஆனால் அந்தச் செறிவில் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட கலங்கள் உயிரோடிருக்க வேண்டும். செத்துக்கொண்டிருக்கும் கலத்தின் சாட்சியம் செல்லாது.

இதுவும் முழுமையானதல்ல. தட்டிலுள்ள கலத்துக்கு ஈரல் இல்லை. உடலுக்குள் மாற்றமடைந்த பிறகே தீங்காகும் பொருளை அது தவறவிடலாம். ஆகவே நிர்ப்பீடனக் கலங்களில் செய்யும் சோதனை முதலியவற்றோடு சேர்த்தே முடிவெடுக்கிறார்கள். கலங்களை உணரியாக்கும் உபாயம் மருந்து தேடவும் உதவுகிறது. சிஸ்டிக் பைப்ரோசிஸ் நோய்க்கு 2012இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஐவாகாப்டர், பழுதான பரம்பரையலகைக் கொண்ட கலங்களில் ஏராளமான சேர்வைகளைச் சோதித்துத் தொடங்கிய தேடலில் கிடைத்ததே.

சாச்சியின் மகளுக்குக் கொப்புளம் ஆறிவிட்டது, தழும்பு மாறவில்லை. இந்த ஒவ்வாமை ஆயுளுக்கும் இருக்கக்கூடும், இனித் தலைமுடிச் சாயம் வாங்கினால் பெட்டியை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அந்த மருதாணிக் கோனில் வாசிக்க ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.