தொட்டில் உணவும் பூப்புக் காலமும்

பெண்ணின் வாழ்வைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்களாகப் பகுத்தனர் பாட்டியல் நூலார். பெருவழக்கான கணக்கின்படி 8 முதல் 11 வயது வரை பெதும்பை. 12, 13 வயது மங்கை. நூல் இவ்வாறு எண்ணிட்டு வரையறுத்தாலும் உடல் அவ்வெண்ணுக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. ஒரே வகுப்பில் அருகருகே அமரும் இரு சிறுமியருள் ஒருத்தி 10 வயதில் பூப்பெய்துகிறாள். மற்றவள் 14 வயதில் அந்நிலையை அடைகிறாள். இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது?

மரபு ஒரு பெருங்காரணம். தாய் இளமையிலேயே பூப்பெய்தியவளாயின் மகளும் அவ்வாறே முந்துதல் பெரும்பான்மை. ஆயினும் மரபே முழுக் காரணமாயின் ஒரு நாட்டு மக்களின் பூப்பு வயது சில தலைமுறைகளுக்குள் பெரிதும் மாறுதல் கூடாது. ஐரோப்பாவில் அது மாறியது. அம்மாற்றத்தின் முதன்மையான காரணங்களுள் ஒன்று உணவு. அவ்வுணவிலும் வாழ்வின் முதற்சில ஆண்டுகளில் கிடைக்கும் உணவுக்குத் தனி ஆற்றல் உண்டு என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு.

ஐரோப்பா காட்டும் கணக்கு

நார்வே முதலிய வடநாடுகளில் 1840-ஆம் ஆண்டளவில் பெண்கள் 16, 17 வயதில் பூப்பெய்தினர் என்று பழைய மருத்துவக் குறிப்புகள் கூறுகின்றன. 1960-ஆம் ஆண்டளவில் அவ்வயது 13 ஆயிற்று. வளர்ச்சியியல் அறிஞர் ஜே. எம். டானர் இக்குறிப்புகளைத் திரட்டிப் பத்தாண்டுக்கு மூன்று, நான்கு மாத அளவில் பூப்பு வயது இறங்கி வந்தமையைக் காட்டினார். பழைய கணக்குகளில் சில மிகைப்பட்டவை எனப் பின்வந்தோர் கருதினும், இறக்கம் நிகழ்ந்தமையில் ஐயமில்லை. உணவு பெருகியதும், பிள்ளைப் பருவ நோய்கள் குறைந்ததும் இதற்குக் காரணங்கள். இரண்டாம் உலகப் போரில் உணவு முடையால் வாடிய நெதர்லாந்தில் சிறுமியரின் பூப்புப் பிந்தியது. பசி பூப்பைப் பிற்படுத்தும் என்பது இதனால் விளங்கும்.

உடல் அறியும் வகை

உடலில் உணவுச் சேமிப்பு போதிய அளவில் உண்டா என்பதை மூளை எவ்வாறு அறிகிறது? 1970-இல் ரோஸ் ஃபிரிஷ், ரோஜர் ரெவெல் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், சிறுமியின் எடை ஏறத்தாழ 47 கிலோவை எட்டும்போது பூப்பு நிகழ்கிறது என்றனர். குறிப்பிட்ட ஓர் எடையே திறவுகோல் என்னும் அக்கருத்து அப்படியே நிலைக்கவில்லை. எனினும் உடற்கொழுப்புக்கும் பூப்புக்கும் தொடர்பு உண்டு என்ற உண்மை நிலைத்தது.

அத்தொடர்பின் வழி 1994-இல் தெரியவந்தது. உடற்கொழுப்பிலிருந்து லெப்டின் என்னும் இயக்குநீர் சுரந்து குருதியிற் கலந்து மூளையை அடைகிறது. சேமிப்பு மிகுந்தால் லெப்டினும் மிகும்; குறைந்தால் குறையும். பிறவியிலேயே லெப்டின் இல்லாத பிள்ளைகள் உரிய காலத்தில் பூப்பெய்துவதில்லை. மருந்தாக அதனைச் செலுத்தியபின் தக்க வயதில் பூப்பு தொடங்குகிறது. ஆயின் லெப்டின் தானே பூப்பைத் தொடங்கி வைப்பதன்று. இசைவு தருவது மட்டுமே அதன் வேலை. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலமஸ் பகுதியில் கிஸ்பெப்டின் என்னும் பொருள் நரம்பணுக்களைத் தூண்டுகிறது என்று 2003-ஆம் ஆண்டு ஆராய்ச்சிகளால் அறியப்பட்டது. அத்தூண்டுதல் பிட்யூட்டரி சுரப்பிக்கும், அங்கிருந்து பெண்ணின் சூலகத்துக்கும் ஆணின் விதைக்கும் செல்கிறது. இவ்வமைப்பு பிறந்த சில மாதங்களில் ஒருமுறை விழித்துப் பின் உறங்கி, மீண்டும் பூப்புக் காலத்தில் விழிக்கிறது என்பது கருதத்தக்கது.

ஸ்வீடன் சென்ற சிறுமியர்

பசி பிற்படுத்தும், நிறைவு முற்படுத்தும் என்பது வரை எளிது. இவ்விரண்டும் ஒருவர் வாழ்விலேயே அடுத்தடுத்து வருமாயின் என்னாகும்? இவ்வினாவுக்கு விடை தந்தவர்கள் இந்தியாவிற் பிறந்து, ஸ்வீடன் நாட்டுப் பெற்றோர்க்கு மகவாகச் சென்ற சிறுமியர் 107 பேர். அவர்களைப் பற்றிய ஆராய்ச்சி 1991-இல் வெளிவந்தது. சென்றபோது பலர் உணவுக் குறைவால் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். புதிய இல்லத்தில் வேண்டிய உணவு கிடைத்ததும் விரைந்து வளர்ந்தனர்.

இளமையில் பட்டினி கிடந்தவர்கள் ஆதலின் பிந்திப் பூப்பெய்துவர் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்ததோ அதற்கு மாறு. அவர்களின் நடுவயது 11.6 ஆண்டு. ஸ்வீடன் சிறுமியர்க்கு அது 13. இந்தியாவில் வளமான குடும்பத்துச் சிறுமியர்க்கும் 12-க்கு மேல். மிகக் குன்றியிருந்து மிக விரைந்து வளர்ந்தவர்களே மிக முந்தினர். ஒரு சிறுமி 7 வயதில் பூப்பெய்தினாள். வெறும் இடமாற்றம் இதற்குக் காரணமன்று. 2006-இல் வெளிவந்த டென்மார்க்கு ஆராய்ச்சியில், அயல்நாட்டிலிருந்து மகவாக வந்தவர்களிடையே மிக முந்திய பூப்பு அந்நாட்டுப் பிள்ளைகளைவிடப் பத்து முதல் இருபது மடங்கு மிகுந்திருந்தது. தம் பெற்றோருடன் குடியேறிய பிள்ளைகளிடம் அத்தகைய பெருக்கம் இல்லை.

பிலிப்பைன்ஸ் நாட்டுச் சிபு நகரில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தவர்களும் இதற்கு இயைந்ததொரு செய்தி கூறினர். பிறக்கையில் நீண்டு மெலிந்திருந்து, முதல் ஆறு மாதங்களில் விரைந்து வளர்ந்த பெண்கள் முந்திப் பூப்பெய்தினர். குறையை எதிர்நோக்கி அமைந்த உடல், திடீரென நிறைவு வரவே அவ்வாய்ப்பை விரைந்து பயன்படுத்திக் கொள்கிறது என்பது அறிஞர் கூறும் விளக்கம்.

முந்துவதால் வரும் இழப்பு

இவ்விரைவு நன்மையன்று. பூப்புக் காலத்து இயக்குநீர்கள் முதலில் எலும்பை வேகமாக வளர்த்துப் பின் அதன் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளை மூடிவிடுகின்றன. தட்டு மூடியபின் உயரம் கூடாது. ஸ்வீடன் சென்ற அச்சிறுமியர் பட்டினியிலிருந்து மீண்டு உயர்ந்தும், முடிவில் அடைந்த சராசரி உயரம் 154 செண்டிமீட்டரே. பின்னாளில் ஊட்டிய உணவு, பூப்பு முந்தியதால் முழுப்பயன் தரவில்லை.

உணவே அனைத்தும் என்று கொள்ளுதலும் பிழை. கோபன்ஹேகன் நகரில் 1991-லும் 2006-லும் அளந்தபோது மார்பு வளர்ச்சி தொடங்கும் வயது ஏறத்தாழ ஓராண்டு முந்தியிருந்தது. உடற்பருமனைக் கொண்டு அம்மாற்றத்தை விளக்க இயலவில்லை.

பள்ளிக்கும் இல்லத்துக்கும்

இதனால் பெறப்படுவன இரண்டு. கருவுற்ற தாயின் உணவும், குழந்தையின் முதலிரண்டு ஆண்டு உணவும் சீராக அமைதல் வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எடை குறைந்து பிறந்த மகவுக்குத் தக்க ஊட்டம் வேண்டும்; ஆனால் ஊர் மெச்சக் கொழுக்க வைத்தல் வேண்டா. அந்த வளர்ச்சியை மருத்துவர் அளந்து பார்த்துச் செல்லுதல் நலம்.

மற்றொன்று ஆசிரியர் கருதத்தக்கது. நான்காம் ஆண்டு வகுப்பிலேயே பூப்பெய்திய சிறுமியைத் திரைப்படத்தாலோ தீய பழக்கத்தாலோ கெட்டவள் போல நோக்குவாரும், ஓடியாடும் விளையாட்டினின்று விலக்குவாரும் உளர். அவளது உடற்கணக்கின் ஒரு பகுதி அவள் பேச அறியுமுன்பே எழுதப்பட்டது; அதில் அவள் செய்த குற்றம் ஏதுமில்லை. பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்னரும், ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்னரும் பூப்பின் குறிகள் தோன்றின் மருத்துவரிடம் காட்டுதல் கடன். அவ்வயது கடந்தவளாயின் அச்சம் வேண்டா. உடல் முந்தினும் பத்து வயதுச் சிறுமி உள்ளத்தாற் பெதும்பையே. அவளுக்கு வேண்டியவை நடந்ததை அமைதியாக எடுத்துரைக்கும் ஓர் ஆசிரியையும், தோழியரோடு முன்போல் ஆடும் உரிமையுமே.