தொலைநோக்கியும் வானநூற் கழகமும்

நாம் பெறும் கல்வியிற் பெரும்பகுதி செவி வழியாகவே நம்மை வந்தடைகின்றது. சனிக்கோளைச் சுற்றி வளையங்கள் உள என்பதும், வியாழனைச் சூழ்ந்து துணைக்கோள்கள் ஓடுகின்றன என்பதும், பள்ளிப் பருவந்தொட்டு நாம் கேட்டறிந்தவையே யன்றிக் கண்டறிந்தவை அல்ல. கேள்வியறிவைக் காட்சியறிவாக்க வல்ல கருவிகளுள் தொலைநோக்கி தலைசிறந்தது. 1610ஆம் ஆண்டில் கலீலியோ என்னும் இத்தாலிய அறிஞர் வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்ட கருவியைக் காட்டிலும் சிறந்த ஒன்றை இக்காலத்தில் எளிய விலைக்கு வாங்கிவிடலாம். ஆயினும், வாங்கிய கருவிகளுட் பல இரண்டொரு மாதம் வெளியில் எடுக்கப்பட்டு, பின்னர்ப் பெட்டியிலேயே உறங்கக் காண்கின்றோம். இதன் காரணம் யாது? அதனைப் போக்கும் வழி யாது? இவ்விரண்டனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

தொலைநோக்கி பிற கருவிகளைப் போன்றதன்று. கடிகாரத்தை வாங்கியவன் அன்றே மணி பார்க்கின்றான். தொலைநோக்கியை வாங்கியவனோ முதல் இரவில் பெரும்பாலும் இருளையே காண்கின்றான். சந்திரனைத் தேடினால் அது குழலுக்குள் அகப்படுவதில்லை, அகப்பட்டாலும் நிலைத்து நிற்பதில்லை, நின்றாலும் தெளிவதில்லை. குற்றம் கருவியினுடையது என்று அவன் எண்ணுகின்றான். உண்மையில் குறைவது பழக்கமே. நீச்சலை நூலினால் மட்டும் கற்க இயலாதவாறு, இக்கலையையும் அறிந்தாரை அடுத்தே கற்றல் வேண்டும். அவ்வறிந்தார் கூடும் இடமே வானநூற் கழகம்.

இத்தகைய கழகங்கள் நம் நாட்டுக்குப் புதியன அல்ல. 1910இல் கல்கத்தாவில் இந்திய வானநூற் சங்கம் ஒன்று எழுந்தது. 1944இல் பூனா நகரில் ஜோதிர்வித்யா பரிசம்ஸ்தா தோன்றியது. 1976இல் பெங்களூரில் வானநூல் ஆர்வலர் சங்கம் அமைந்தது. நம் தமிழ்நாட்டிலும் 1980இல் தோன்றிய அறிவியல் இயக்கம், கிரகண காலங்களில் ஊர்தோறும் மக்களைக் கூட்டி, வானத்தைக் காட்டி வந்துள்ளது.

கழகத்தின் உதவி எத்துணைப் பயன் விளைக்கும் என்பதற்குச் சிறந்ததொரு சான்று உண்டு. வங்காளத்தில் ஜெஸ்ஸூர் என்னும் ஊரில், அரசாங்கப் பொக்கிஷத்தில் சிறு உத்தியோகம் பார்த்தவர் ராதாகோவிந்த சந்திரர். கலாசாலைப் பட்டம் எதுவும் பெறாதவர். 1910இல் ஹாலி வால்நட்சத்திரத்தைக் கண்டு வானத்தின்பால் மனத்தைப் பறிகொடுத்து, தம் சொந்தப் பொருளைக்கொண்டு மூன்றங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். 1918ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கருட மண்டலத்தில் திடீரென ஒளிர்ந்த புது விண்மீனைத் தாமே கண்டு குறித்தார். அச்செய்தி அமெரிக்காவுக்கு எட்டியது. ஒளி மாறும் விண்மீன்களை நோக்குவோர்க்கென 1911இல் அங்கு நிறுவப்பட்ட சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கிக்கொண்டது; விண்மீன் படங்களை அனுப்பியது; 1926இல் ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றையே கடல் கடந்து அனுப்பி உதவியது. அவரோ அவ்வுதவியைத் தம் உழைப்பினால் திருப்பியளித்தார். 1954 வரையில் அவர் அச்சங்கத்துக்கு அனுப்பிய குறிப்புகள் 37,215 ஆகும்.

அக்கருவியின் பிற்கால வரலாறு நமக்கு இன்னும் உவகை தருவது. சந்திரர் முதுமையுற்றபோது, அச்சங்கத்தின் விருப்பப்படி அது இளம் வானநூலறிஞராயிருந்த வைணு பாப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் நம் தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தை வந்தடைந்தது. ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறி, ஒரு கருவி இத்துணைக் காலம் பயன் தந்தமைக்கு இரண்டே காரணங்கள்: ஒன்று, கேட்டு உதவி பெறும் வழக்கம், மற்றொன்று, பெற்றதைப் பேணும் ஒழுக்கம்.

இனி, கழகத்தார்பால் நாம் முதலிற் கற்க வேண்டுவன எவை என்று காண்போம். பெரிய குழலின்மீது சிறு குழல் ஒன்று இருக்கும். அதனை வழிகாட்டிக் குழல் என்னலாம். அவ்விரண்டும் ஒரே திசையை நோக்குமாறு பகற்பொழுதிலேயே பொருத்திக்கொள்ளல் வேண்டும். தொலைவிலுள்ள கோபுரக் கலசமோ பனையின் உச்சியோ இதற்குப் போதும். இதனைச் செய்யாமையே முதல் இரவின் ஏமாற்றத்திற்குப் பெரும்பாலும் காரணம்.

அடுத்தது உருப்பெருக்கம். முகப்பு வில்லையின் குவியத் தூரத்தைக் கண்வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். குவியத் தூரம் 1000 மில்லிமீட்டர் உள்ள கருவியில் 25 மில்லிமீட்டர்க் கண்வில்லை 40 மடங்கும், 10 மில்லிமீட்டர்க் கண்வில்லை 100 மடங்கும் பெருக்கிக் காட்டும். பெருக்கம் மிகுந்தால் காட்சி சிறக்கும் என்று கருதுதல் தவறு. வாயின் அகலம் ஓர் அங்குலத்திற்கு 50 மடங்கு என்பதே எல்லை. மூன்றங்குலக் கருவியில் 150 மடங்குக்கு மேற் செல்லின் உருவம் மங்கிக் கலங்குமேயன்றித் தெளியாது. ஆதலின் எப்பொருளையும் குறைந்த பெருக்கத்திற் கண்டுபிடித்து, பின்னரே கூட்டுதல் முறை.

நம் பகுதிக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. விண்மீன்களின் ஓட்டத்தைப் பின்தொடரும் தாங்கியின் அச்சு வானத்தின் வட துருவத்தை நோக்கல் வேண்டும். மேனாட்டு நூல்கள் துருவ நட்சத்திரத்தைக் கண்டு அதன்படி பொருத்துக என்று எளிதாகக் கூறிவிடும். சாத்தூரை அடுத்த அச்சங்குளம் முதலிய நம் ஊர்களிலோ அது தொடுவானுக்கு மேல் ஒன்பதரைப் பாகை உயரத்திலேயே நிற்றலின், தூசியிலும் பனிமூட்டத்திலும் மறைந்துவிடுகின்றது. திசைகாட்டியைக்கொண்டும் பாகைமானியைக்கொண்டும் பொருத்தும் வழியைத் தென்னாட்டுக் கழகத்தாரே சொல்ல வல்லவர். ஆயின் இவ்விடருக்கு ஈடாக நமக்கொரு பேறும் உண்டு. லண்டன் மாநகரிலிருந்து காணவே இயலாத அகத்தியர் விண்மீனும், தென் சிலுவையும் நமக்கு நன்கு புலனாகின்றன.

பேணும் முறைக்கு வருவோம். வில்லைமீது சிறிது தூசி படிவதனால் காட்சி கெடுவதில்லை. அதனை வேட்டி முனையால் துடைப்பதனால் உண்டாகும் கீறலோ என்றும் மாறுவதில்லை. ஆகவே தூசியை ரப்பர்க் காற்றூதியால் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டி நீக்குதல் போதும். முகப்பு வில்லை இருவகைக் கண்ணாடிகள் இணைந்தது. அதனைக் கழற்றினவர் முன்போலப் பொருத்துதல் அரிது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரத்தில் கண்ணாடிமேல் பூஞ்சணம் பூக்கும். அது வேரூன்றின் மேற்பூச்சையே அரித்துவிடும். பெட்டிக்குள் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்களை இட்டு, அவ்வப்போது மாற்றி வருதல் நன்று. ஆடித் தொலைநோக்கியாயின், அதன் ஆடிகள் ஒன்றையொன்று நேரே நோக்குகின்றனவா என்று சோதித்துத் திருத்தல் வேண்டும். பயின்றவர் ஒருவர் அருகிருந்து காட்டின், ஒரு மாலைப் பொழுதிற் கற்கத்தக்க வேலை இது.

இவை யாவற்றினும் தலையாயது சூரியனைப் பற்றிய எச்சரிக்கை. தொலைநோக்கி வழியே சூரியனை ஒருகணம் பார்ப்பினும் பார்வை அழியும். கண்ணின் உட்திரைக்கு வலியுணர்ச்சி இன்மையால், கெடுதி நேர்வதும் அப்போது தெரியாது. கண்வில்லையில் மாட்டும் கறுப்புக் கண்ணாடிகள் வெப்பத்தால் வெடிக்கும். அவற்றை எறிந்துவிடுதலே தகும். குழலின் வாய் முழுவதையும் மூடும் தக்க வடிகட்டியை முன்புறத்தில் பொருத்துதலும், வழிகாட்டிக் குழலை மூடிவிடுதலும் இன்றியமையாதன. 2010ஆம் ஆண்டு ஜனவரி 15இல் கன்னியாகுமரியிலும், 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் திண்டுக்கல்லிலும் கங்கண கிரகணம் தோன்றியது. இனிவரும் கிரகணத்தின்போது மாணவர் கூட்டத்தின் நடுவே கருவியை நிறுத்துவோர், அதற்குமுன் கழகத்தாரிடம் அதனைக் காட்டி ஒப்புதல் பெறுவாராக. இம்மாவட்டத்தார்க்கு இதனை மிக விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் பலர் மாண்ட துயரம் யாவர் நெஞ்சிலும் உள்ளது. நேர்ந்தபின் மீட்க முடியாதவற்றை நேருமுன் காத்தலே அறிவுடைமை.

உதவி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "எங்கள் தொலைநோக்கி சரியில்லை" என்று மட்டும் எழுதுவோர்க்கு எவரும் விடை கூற இயலாது. கருவி வில்லையினாலாயதா, ஆடியினாலாயதா, வாயின் அகலம் எவ்வளவு, குவியத் தூரம் எவ்வளவு, தாங்கி எவ்வகையது, எப்பொருளை, எக்கண்வில்லையால் நோக்கியபோது என்ன குறை தோன்றியது என்பனவற்றை வரிசையாகக் குறித்து, நிழற்படமும் சேர்த்து விடுத்தல் வேண்டும். கூடுமாயின் கருவியையே அவர்தம் கூட்டத்திற்கு எடுத்துச் செல்லுதல் சிறந்தது. திருகாணியைத் தொடுமுன் கேட்டல் நன்று. தொட்டுக் கெடுத்தபின் கேட்டல் இரட்டைச் செலவு.

கழகத்தாரும் கைம்மாறு கருதி உதவுபவர் அல்லர். எனினும் பெற்றவர் வாளா இருத்தல் தகாது. நோக்கிய நாள், நேரம், வானத்தின் நிலை, கண்ட பொருள் ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தலும், தாம் கற்றதை அடுத்த வகுப்பார்க்குக் கற்பித்தலுமே உரிய கைம்மாறு. கல்லூரிகளில் மாணவர் மூன்றாண்டில் மாறிவிடுகின்றனர். கருவியோ அங்கேயே நிற்கின்றது. பழகிய மாணவன் விடைபெறுமுன் பழகாதவன் ஒருவனைப் பழக்காவிடின், அக்கருவி மீண்டும் பெட்டிக்குட் புகுவது திண்ணம்.

சென்னை வானாய்வகத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்ததோடு அமையாது, 1874இல் சூரியனைச் சுக்கிரன் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்களும் அறியுமாறு நம் மொழிகளில் விளக்கம் எழுதினார். அறிந்ததை அயலார்க்கும் அறிவித்த அம்மரபு நம்முடையதே. ஆதலின் அன்பர்காள், நம் ஊர்ப் பள்ளியிலோ கல்லூரியிலோ தூசி படிந்து கிடக்கும் தொலைநோக்கி ஒன்று உண்டாயின், இவ்விடுமுறையில் அதனை வெளியே எடுங்கள். அதன் அளவுகளைக் குறியுங்கள். அண்மையிலுள்ள கழகத்தார்க்கு ஒரு கடிதம் விடுங்கள். சனியின் வளையத்தை முதன்முறை காணும் சிறுவன் ஒருவனின் வியப்பே அக்கடிதத்தின் பயனாகும்.