இருபத்தைந்து நாட்களும் ஐந்து நாட்களும்

மார்பகப் புற்றுநோய்க்குக் 'கரண்டு வைக்க வேண்டும்' என்றவுடனே நம் ஊர்ப் பெண்கள் அஞ்சி நடுங்குகின்றனர். உண்மையில் அங்கு உடலில் மின்சாரம் பாய்வதில்லை. 1895இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர்களே, மிகுந்த ஆற்றலோடு செலுத்தப்படுகின்றன. அவை புற்றணுக்களின் டி.என்.ஏ.வைச் சிதைத்துப் பெருகவிடாமல் தடுக்கின்றன. நலமான அணுக்களும் சிறிது பழுதடையும். ஆனால் அவை விரைவில் தம்மைச் சீர்செய்து கொள்ளும். இதற்காகவே கதிர்வீச்சைப் பல நாட்களாகப் பிரித்துக் கொடுக்கின்றனர்.

எத்தனை நாட்கள்? முன்பு 50 'கிரே' அளவை 25 நாட்களில், ஐந்து வாரங்களாகக் கொடுத்தனர். பின்னர், 15 நாட்களில் 40 கிரே கொடுத்தாலும் பலன் குறைவதில்லை என்று பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் காட்டின. தொடக்க நிலை நோயாளிகள் பலருக்கு ஐந்தே நாட்களில் 26 கிரே போதும் என்று 2020இல் வெளியான ஐந்தாண்டு முடிவுகள் தெரிவித்தன. நாள்தோறும் கொடுக்கும் அளவு கூடுவதால் மொத்த அளவு குறைகிறது. யாருக்கு எத்தனை நாட்கள் என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். வேலூர் மருத்துவமனைக்கு ஐந்து வாரம் போய்வந்தால் ஒரு மாதக் கூலி போய்விடும். ஐந்து நாள் என்றால் தாங்கிக் கொள்ளலாம். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தவும் நேராது.

ஆனால் இந்த வாய்ப்பு முன்கூட்டியே வருவோருக்கே பெரிதும் கிட்டும். மார்பில் வலியில்லாத கட்டி தென்பட்டாலும் காலம் கடத்தலாகாது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நாமே இதை நம் தாய்மாரிடம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும்.