ஈத்தூண்டில் மீன்பிடிப்பு: தொடக்கநிலையினருக்கான கருவிகளும் கழகங்களும்

ஈத்தூண்டில் மீன்பிடிப்பு என்பது இறகு, நூல், விலங்கு மயிர் முதலியவற்றைச் சிறு தூண்டில் முள்ளின் மேல் சுற்றிக் கட்டிய செயற்கைப் பூச்சியை இரையாகக் காட்டி மீன் பிடிக்கும் முறையாகும். பிளை ஃபிஷிங் என்ற ஆங்கிலப் பெயரின் நேர் வடிவம் இது. பெயரில் ஈ இருந்தாலும், வீட்டு ஈக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. மேஃபிளை, கேடிஸ் போன்ற நீர்ப்பூச்சிகள், அவற்றின் இளம்பருவங்கள், சில வேளை சிறு மீன்கள் ஆகியவற்றின் போலிகளே இங்கு ஈ எனப்படுகின்றன. டிரவுட், சால்மன், கிரேலிங் ஆகிய மீன்களுக்கே இம்முறை பெரிதும் பயன்படுகிறது. கருவிக்கும் கழகத்துக்கும் உள்ள பிணைப்பு இங்கிலாந்தில் மிக இறுக்கமாக இருப்பதால், இக்கட்டுரை அந்நாட்டை முதன்மையாகக் கொண்டு விளக்குகிறது.

மற்றத் தூண்டிலிலிருந்து வேறுபாடு

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னே பறக்கும். மெல்லிய நைலான் நரம்பு அதன் பின்னே இழுபட்டுச் செல்லும். செயற்கை ஈக்கு எடையே இல்லை எனலாம். அதைக் கையால் வீசினால் காலடியிலேயே விழும். ஆகவே இம்முறையில் எடை கயிற்றிலேயே வைக்கப்பட்டுள்ளது. பிளாஸ்டிக் பூச்சுள்ள தடித்த கயிற்றைக் கோல் வில்போல் வளைந்து முன்னும் பின்னும் வீச, அதன் நுனியில் கட்டிய ஈ உடன் செல்கிறது. கோல், கயிறு, சுருளி ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் எல்லாம் இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் நீர்நிலை, பிறகு கடை

புதியவர்கள் பெரும்பாலும் கோலை வாங்கிவிட்டு, பிறகு மீன்பிடிக்க இடம் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். டெவன் பகுதியின் சிற்றோடைகளில் மரக்கிளைகள் தலைக்கு மேல் கவிந்திருக்கும்; மீனும் ஒரு கை நீளம்தான். அங்கே 7 அடிக் கோலும் 3 அல்லது 4 ஆம் எண் கயிறும் போதும். ரட்லண்ட் வாட்டர், கிராஃபம் வாட்டர் போன்ற பெரிய நீர்த்தேக்கங்களில் காற்றை எதிர்த்துத் தொலைவாக வீச வேண்டியிருப்பதால் 10 அடிக் கோலும் 7 ஆம் எண்ணும் வழக்கம். ஹாம்ப்ஷயரின் டெஸ்ட், இட்சன் போன்ற சுண்ணாம்புப்பாறை ஊற்றாறுகளில் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும்; ஈ ஓசையின்றி இறங்க வேண்டும். ஸ்காட்லாந்தின் டே, ஸ்பே ஆறுகளில் சால்மன் பிடிப்போர் இரு கைகளாலும் பிடிக்கும் 13 முதல் 15 அடிக் கோல்களைப் பயன்படுத்துகிறார்கள்.

ஓடைக் கோலோடு நீர்த்தேக்கக் கரையில் நிற்பவரால் காற்றில் கயிற்றை நீட்ட முடியாது. நீர்த்தேக்கக் கோலோடு ஓடைக்குச் செல்பவர் கிளைகளில் சிக்கிய ஈக்களை எடுப்பதிலேயே மாலையைக் கழிப்பார். புதியவர் பலர் முதல் பருவத்திலேயே இந்தக் கலையைக் கைவிடுவதற்கு இந்தப் பொருத்தமின்மையும் ஒரு காரணம். குறை தம் கையில் இருப்பதாகவே அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். எந்த நீரில் பிடிப்பது என்று இன்னும் முடிவாகாதவருக்கு 9 அடிக் கோலும் 5 அல்லது 6 ஆம் எண்ணும் நடுவழியாக அமையும். எதற்கும் மிகச் சிறந்ததல்ல. ஆனால் எதிலும் முற்றாகத் தோற்காது.

எண் பொருத்தம்

1961 இல் அமெரிக்க மீன்பிடிக் கருவி உற்பத்தியாளர் சங்கம் கயிறுகளுக்கு எடை எண்களை வகுத்தது. கயிற்றின் முதல் 30 அடியின் எடையே கணக்கில் கொள்ளப்படும். அது 120 கிரெயின் எடையிருந்தால் 4 ஆம் எண். 140 என்றால் 5. 160 என்றால் 6. 185 என்றால் 7. 210 என்றால் 8. (ஐந்தாம் எண்ணுக்குரிய 140 கிரெயின் ஏறத்தாழ 9 கிராம்.) கோலின் கைப்பிடிக்குச் சற்று மேலே அதன் நீளமும் அதற்குரிய கயிற்றெண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணும் கயிற்றுப் பெட்டியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கயிறு இலேசாக இருந்தால் கோல் வளையாது. கனமாக இருந்தால் கோல் துவண்டுவிடும்.

பெட்டியில் டபிள்யூ எஃப் 5 எஃப் என்று இருந்தால், முன்பகுதி தடித்த, 5 ஆம் எண், மிதக்கும் கயிறு என்று பொருள். முதல் கயிறு மிதப்பதாகவே இருக்கட்டும். அமிழும் கயிற்றை நீரிலிருந்து தூக்கி மறுபடி வீசுவது புதியவருக்குக் கடினம். இக்காலத்தில் வேகமான கோல்களுக்கென்று குறித்த எண்ணைவிட அரை எண் அல்லது ஒரு எண் கூடுதல் எடையில் கயிறுகள் விற்கப்படுகின்றன. பெட்டியில் கிரெயின் எடையும் அச்சிட்டிருந்தால் அதைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

பணத்தை எதில் செலவிடுவது

கடைகளில் கண்ணைப் பறிப்பது சுருளி, அதாவது ரீல். டிரவுட் மீனுக்கு அது பெரும்பாலும் கயிறு சுற்றிவைக்கும் பெட்டியே. பிடித்த மீனைக் கையால் கயிற்றை இழுத்தே கொண்டுவரலாம். நல்ல பிரேக் உள்ள சுருளி சால்மன் போன்ற வலிய மீன்களுக்கே தேவைப்படும். ஆகவே கையிருப்பில் முதல் பங்கு நல்ல கயிற்றுக்கும், அடுத்தது கோலுக்கும், மிச்சம் சுருளிக்கும் என்று பிரிப்பது நல்லது. மலிவான கோலில் நல்ல கயிற்றைப் பூட்டினால் வீச்சு அமையும்; விலையுயர்ந்த கோலில் வெடிப்புவிட்ட பழைய கயிற்றைப் பூட்டினால் அமையாது. பழைய கோல் வாங்குவோர் துண்டுகள் இணையும் பொருத்துகளில் மயிரிழை வெடிப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

தடித்த கயிற்றுக்கும் ஈக்கும் நடுவே, நுனிநோக்கி மெலிந்து செல்லும் ஒளிபுகும் நரம்பு உண்டு, இது லீடர். அதன் கடைசி மெல்லிய பகுதி டிப்பட். டிப்பட்டின் பருமன் எக்ஸ் எண்ணால் குறிக்கப்படும். 11 இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் பருமன் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும்: 5 எக்ஸ் என்றால் 0.006 அங்குலம். தூண்டில் முள்ளின் அளவெண்ணை மூன்றால் வகுத்தால் பொருத்தமான டிப்பட் ஏறத்தாழத் தெரியும். 16 ஆம் எண் முள்ளுக்கு 5 எக்ஸ் சரி. (முள்ளின் எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பது புதியவரைக் குழப்பும் இன்னொன்று.) முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைக்க வேண்டும், உரசல் சூடு நைலானைப் பலவீனமாக்கும். அறுந்த நரம்பைக் கரையில் போட்டால் பறவைகளின் கால்களில் சுற்றிக்கொள்ளும். அதைச் சட்டைப்பைக்குள் போடுவது எழுதப்படாத முதல் விதி.

ஈக்களில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. தொடக்கத்தில் நான்கைந்து போதும். மிதக்கும் ஆடம்ஸ், அமிழும் ஹேர்ஸ் இயர், ஃபெசன்ட் டெய்ல் ஆகியவற்றைப் பல அளவுகளில் வைத்திருந்தால் ஒரு பருவம் ஓடிவிடும். ஃபெசன்ட் டெய்லை உருவாக்கியவர் வில்ட்ஷயரில் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர். அவர் நூலுக்குப் பதிலாக மெல்லிய செப்புக் கம்பியால் கட்டினார்; அதனால் ஈ விரைவாக அமிழ்ந்தது.

தவிர்க்கக் கூடாதவை

கண்ணாடியும் தொப்பியும் அலங்காரமல்ல. வீசும் கைப்பக்கத்திலிருந்து காற்றடித்தால் முள் முகத்தை நோக்கியே வரும். முள்ளின் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கிவிட்டால், தோலில் ஏறினாலும் எளிதில் எடுக்கலாம். மீனையும் காயமின்றி விடலாம். கரிநார்க் கோல்கள் மின்சாரத்தைக் கடத்தும். மேலே செல்லும் மின்கம்பிகளிலிருந்து 30 மீட்டருக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்பது பிரித்தானியாவில் வழங்கப்படும் அறிவுரை. இடி கேட்டவுடன் கோலைக் கீழே வைத்துவிட வேண்டும். ஆற்றில் இறங்க அணியும் நீர்புகா உடையான வேடரை இடுப்புப் பட்டை இன்றி அணிவது ஆபத்து. வழுக்கி விழுந்தால் அதற்குள் நீர் நிறையும்.

உரிமமும் உரிமையும்

இங்கிலாந்தில் 13 வயதுக்கு மேற்பட்டவர் நன்னீரில் தூண்டில் போட உரிமம் வேண்டும். 13 முதல் 16 வயது வரை அது இலவசம், ஆனாலும் பெற்றிருக்க வேண்டும். இந்த உரிமம் எந்த ஆற்றிலும் இறங்கும் அனுமதியல்ல என்பதைப் பலர் தாமதமாகவே அறிகிறார்கள். மீன்பிடி உரிமை பெரும்பாலும் கரைநிலத்துக்கு உரியவரிடம் இருக்கும். உள்ளூர்க் கழகங்கள் அதைக் குத்தகைக்கு எடுத்து உறுப்பினருக்குப் பகிர்கின்றன. தனியாள் ஒருவரால் வாங்க முடியாத ஆற்றோரம் ஆண்டுச் சந்தாவில் கிடைப்பது இதனால்தான். ஸ்காட்லாந்தில் பெரும்பாலான இடங்களில் அரசு உரிமம் தேவையில்லை. உரிமையாளரின் அனுமதி தேவை. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் சால்மன் பிடிக்கக் கூடாது.

கழகத்தைத் தேர்தல்

கழகத்தின் பெயரையும் பழமையையும் விட, வீட்டிலிருந்து உள்ள தொலைவே முதலில் பார்க்க வேண்டியது. வேலை முடிந்து மாலையில் போய்வர முடியாத ஆறு, சந்தா கட்டிய ஆறாக மட்டுமே இருக்கும். சேர்வதற்குமுன் ஒரு நாள் சீட்டு வாங்கியோ, உறுப்பினர் ஒருவரின் விருந்தினராகவோ சென்று பார்ப்பது நல்லது. நுழைவுக் கட்டணம் தனியாக உண்டா, காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம், மிதக்கும் ஈ மட்டுமே அனுமதியா, பிடித்த மீனைத் திரும்ப விட வேண்டுமா, புதியவருக்கு வழிகாட்டி தருகிறார்களா என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. பயிற்சிநாள் நடத்தும் கழகங்களில் கோலையும் கயிற்றையும் இரவலாகப் பெற்று வீசிப்பார்க்கலாம். கடைக்காரர் சொல்லும் எதைவிடவும் அந்த ஒரு மணி நேரம் பணத்தை மிச்சப்படுத்தும். வீச்சைத் தவறாகப் பழகிக்கொண்டால் மாற்றுவது கடினமாதலால், சான்றுபெற்ற பயிற்றுநரிடம் ஒன்றிரண்டு பாடம் கேட்பது விலையுயர்ந்த கோலைவிடப் பயன் தரும்.

நல்ல கழகத்துக்கு இன்னொரு அடையாளம், அது ஆற்றுக்காக என்ன செய்கிறது என்பது. பல கழகங்களில் உறுப்பினர்கள் மாதந்தோறும் ஆற்றடிக் கற்களைக் காலால் கிளறி, வலையில் விழும் பூச்சிகளை எண்ணுகிறார்கள். மேஃபிளை, கேடிஸ், நன்னீர் இறால் ஆகியவற்றின் எண்ணிக்கை குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் சுற்றுச்சூழல் முகமைக்குத் தகவல் போகும். கழிவுநீர் கலந்ததோ பூச்சிமருந்து வழிந்ததோ இப்படித் தெரியவருவதுண்டு. ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்கு நோயும் வேற்று உயிரினங்களும் செல்லாதிருக்க வலை, வேடர், காலணி ஆகியவற்றைப் பார்த்து, கழுவி, உலர்த்தும் விதியும் உண்டு. கம்பளி அடிப்பாகமுள்ள காலணிகள் ஈரத்தை நெடுநேரம் தேக்கிவைப்பதால் நியூசிலாந்து 2008 இல் அவற்றைத் தடைசெய்தது.

அமெரிக்காவில் 1959 இல் மிச்சிகனில் தொடங்கிய டிரவுட் அன்லிமிடெட் அமைப்பின் உள்ளூர்க் கிளைகளும் இதே பணியைச் செய்கின்றன. அங்கே பொது நீர்நிலைகள் மிகுதி என்பதால் கழகத்தில் சேராமலும் மாநில உரிமத்தோடு மீன் பிடிக்கலாம்.

பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் நீலகிரியிலும் நுவரெலியாவிலும் டிரவுட் விடப்பட்டதோடு கழக முறையும் வந்து சேர்ந்தது. நீலகிரிக்கென்று 1879 இலேயே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இப்போது இம்மலைகளின் ஓடைகள் பலவும் காப்புக்காடுகளுக்குள்ளும் தேசியப் பூங்காக்களுக்குள்ளும் இருப்பதால், கருவி வாங்குமுன் மீன்பிடிப்பு அனுமதிக்கப்படும் இடமா என்பதை உரிய துறையிடமே கேட்டறிய வேண்டும்.

இங்கிலாந்தின் ஆறுகளில் பழுப்பு டிரவுட் பிடிப்பது இலையுதிர் காலத்தில் நின்று, பகுதிக்கேற்ப மார்ச் அல்லது ஏப்ரலில் மறுபடி தொடங்கும். புதியவர் கழகத்தை அணுக ஏற்ற காலம் இடைப்பட்ட குளிர்காலமே. கழகங்கள் பல அப்போது ஈ கட்டும் மாலைகளை நடத்தும்; அனுபவமுள்ளோருக்கும் பேச நேரமிருக்கும். முள்ளில்லாமல், நுனியில் சிறு கம்பளித் துணுக்கைக் கட்டிப் புல்வெளியில் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் வீசிப் பழகியவர், பருவம் திறக்கும்போது கயிற்றைப் பற்றிக் கவலைப்படாமல் நீரைப் பார்க்கலாம்.